கடலில் கரையாத பெருங்காயம்

"கடலில் கரைத்த பெருங்காயம் போல" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஒரு கட்டிப் பெருங்காயத்தைக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தால் மணக்குமா? மணக்காது. வீணாய்ப்போன முயற்சிக்குச் சொல்லுகிற பழமொழி இது. ஆனால் கடந்த நூற்றைம்பது வருடங்களாக உலகத்து அரசாங்கங்களும் ஆலை முதலாளிகளும் நகராட்சிப் பொறியாளர்களும் இதைப் பழமொழியாக எடுத்துக்கொள்ளவில்லை. விஞ்ஞானமாக எடுத்துக்கொண்டார்கள். கடல் பெரிசு, எதைக் கொட்டினாலும் கரைந்துவிடும், அப்புறம் வாசனையே தெரியாது. இதுதான் அவர்களுடைய சித்தாந்தம்.

கடல் மாசு பற்றிப் பேசினாலே நம்மில் பலர் உடனே சொல்கிற பதில்: "சட்டம் சரியில்லைங்க", அல்லது "சட்டம் இருக்கு, அமல்படுத்த ஆள் இல்லைங்க". இரண்டுமே பாதி உண்மை. என் வாதம் வேறு. சட்டம் எழுதுகிறபோதே கடலுக்கு மட்டும் தனியாக ஒரு கதவு வைத்து, அதற்குப் பூட்டும் போட்டு, சாவியை அரசாங்கத்தின் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாவியின் பெயர் "அறிவிக்கை". எந்தக் கடல் சட்டப்படி கடல், எந்தக் கரை சட்டப்படி கரை என்று அரசிதழில் யாரோ கையெழுத்துப் போட்டால்தான் கடல் சட்டத்துக்குள் வரும். போடாதவரை அது வெறும் குப்பைத்தொட்டி.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறீர்களா? வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

லண்டன்: நாற்றத்தை இடம் மாற்றிய கதை

1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியது. சாதாரண நாற்றம் இல்லை. நதிக்கரையில் இருந்த பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் உட்கார முடியவில்லை. அதற்கு முன் காலரா வந்து ஆயிரக்கணக்கில் ஏழைகள் செத்தபோது அசையாத கனவான்கள், தங்கள் மூக்குக்கு ஆபத்து வந்தவுடன் சில வாரங்களில் சட்டம் போட்டார்கள். ஜோசப் பாஸல்ஜெட் என்ற பொறியாளர் பிரம்மாண்டமான பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். இன்றைக்கும் பொறியியல் மாணவர்களுக்குப் பெருமையாகச் சொல்லித்தரப்படும் கதை இது.

ஆனால் அந்தச் சாக்கடை எங்கே போய் முடிந்தது? ஊருக்குக் கிழக்கே, பெக்டன், கிராஸ்னெஸ் என்ற இரண்டு இடங்களில். அங்கிருந்து ஓதம் வற்றும் நேரம் பார்த்து அப்படியே ஆற்றில் திறந்துவிட்டார்கள். சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. கடல் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கைதான். 1878 செப்டம்பரில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு இந்தச் சாக்கடை வாய்களுக்கு அருகே மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்கள் விழுந்தது தண்ணீரில் அல்ல, லண்டனின் கழிவில் என்று அப்போதே பேச்சு எழுந்தது. அதற்குப் பிறகுதான் கெட்டிக் கழிவைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தார்கள். பிரித்தெடுத்து என்ன செய்தார்கள்? 1887 முதல் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்த் தேம்ஸ் கழிமுகத்துக்கு வெளியே கடலில் கொட்டினார்கள்! அந்தக் கப்பல்கள் 1998 வரை ஓடின. நூற்றுப் பதினோரு வருடங்கள்.

இதற்கு நடுவே 1876-இல் நதிகள் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. நதியில் கழிவைக் கொட்டக்கூடாது என்றது. சரி, கடலில்? அங்கேதான் அந்தக் கதவு. "நீரோடை" என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும் பிரிவில், உள்ளாட்சி வாரியம் விசாரணை நடத்தி எந்த அளவு வரை என்று ஆணை பிறப்பிக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் கடலும் ஓதநீரும் நீரோடையில் சேரும் என்று எழுதினார்கள். ஆணை பிறக்காவிட்டால் கடல் நீரோடை இல்லை. நீரோடை இல்லாவிட்டால் மாசும் இல்லை. எவ்வளவு சுலபம் பாருங்கள்!

இந்த வாசகத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதே வாசகம் நம் ஊருக்கு வரப்போகிறது.

சிப்பி தின்றவர்கள்

கடல் எதையும் மறப்பதில்லை. 1902 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் நகரங்களில் மேயர் விருந்துகள் நடந்தன. பெரிய மனிதர்கள் சிப்பி சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் பலருக்கு டைபாய்டு. வின்செஸ்டர் தேவாலயத்தின் தலைமைக் குரு உட்படச் சிலர் இறந்துபோனார்கள். சிப்பி வந்தது எம்ஸ்வொர்த் என்ற சிற்றூரிலிருந்து. அங்கே சிப்பி வளர்த்த இடத்திலேயே உள்ளாட்சியின் சாக்கடையும் வந்து விழுந்துகொண்டிருந்தது. சிப்பி வியாபாரி ஒருவர் வழக்குப் போட்டு, 1906-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்.

ஏன் ஜெயித்தார்? கடல் கெட்டுப்போனதற்காக அல்ல. சிப்பி வளர்க்கும் இடம் அவர் அனுபோகத்தில் இருந்தது என்பதற்காக! அதாவது கடலில் உனக்கென்று வேலிபோட்ட ஒரு துண்டு இருந்தால் நீதி உண்டு. எல்லாருக்கும் பொதுவான கடலில் வலை வீசிப் பிழைக்கிறவனுக்கு அந்த நீதி கிடையாது. கடற்கரைச் சட்டங்களின் வரலாறு முழுக்க இந்தப் பாரபட்சம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்து 1950கள். சாக்கடை கலந்த கடலில் குளித்ததால்தான் தங்கள் குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் வந்து இறந்தது என்று நம்பிய ஒரு பெற்றோர், கடலோர மாசுக்கு எதிராக இயக்கமே தொடங்கினார்கள். 1959-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இதுதான்: கண்ணால் பார்த்தாலே குமட்டும் அளவுக்கு அசிங்கமாக இருந்தாலொழிய, கழிவு கலந்த கடலில் குளிப்பதால் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்து இல்லை. அதாவது உங்கள் கண்தான் பரிசோதனைக்கூடம்! கிருமி கண்ணுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த அறிக்கையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அடுத்த இருபது, முப்பது வருடங்கள் நகராட்சிகள் குழாய்களை அப்படியே வைத்திருந்தன.

1976-இல் ஐரோப்பியச் சமூகம் குளிக்கும் நீருக்கான தர ஆணையைக் கொண்டுவந்தது. இத்தனை கிருமிக்கு மேல் இருக்கக்கூடாது என்று எண்ணிக்கையில் சொன்னது. சபாஷ்! ஆனால் எந்தக் கரைக்கு இது பொருந்தும்? நாடுகளே "இது குளிக்கும் இடம்" என்று அறிவிக்க வேண்டும். மறுபடியும் அதே கதவு! பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? அவ்வளவு நீளக் கடற்கரையில் மொத்தம் 27 இடங்களை மட்டும் அறிவித்தது. கோடையில் லட்சக்கணக்கில் மக்கள் வந்து குளிக்கும் பிளாக்பூல் அந்தப் பட்டியலில் இல்லை. கடலே இல்லாத லக்சம்பர்க், தன் ஏரிகளையும் ஆறுகளையும் வைத்து பிரிட்டனை விட அதிக இடங்களை அறிவித்தது. (சிரிக்காதீர்கள், இது நிஜம்.) கடைசியில் 1993-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிளாக்பூல், சவுத்போர்ட் கடற்கரைகளுக்காக பிரிட்டனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் காரியம் வேகமெடுத்தது. அதற்குள் கார்ன்வாலில் அலைச்சறுக்கு இளைஞர்கள் 1990-இல் சங்கம் வைத்துத் தெருவுக்கு வந்திருந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகாவது திருந்தினார்களா? 2021-இல் சதர்ன் வாட்டர் என்ற கம்பெனிக்கு 9 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2010 முதல் 2015 வரை தென் இங்கிலாந்துக் கடலோரத்தில் கழிவுநீரை வேண்டுமென்றே திறந்துவிட்டதற்காக. நம் கணக்கில் தொள்ளாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இந்த எண்ணையும் நினைவில் வையுங்கள்.

மினமாட்டா: கரையாத பெருங்காயம்

"கடல் கரைத்துவிடும்" என்ற சித்தாந்தத்துக்கு உலகம் கொடுத்த மிகக் கொடூரமான விலை ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932-இலிருந்து பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடிச் செத்தன. பிறகு மீனவர்களின் குழந்தைகள். 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1958-இல் அந்த ஆலை கழிவுக் குழாயின் வாயை விரிகுடாவிலிருந்து மினமாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்றியது. நன்றாகக் கலந்து கரைந்துவிடும் இல்லையா? கரையவில்லை. அதுவரை நோய் இல்லாத ஊர்களில் புதிதாக நோயாளிகள் தோன்றினார்கள். பாதரசம் கரைந்து காணாமல் போகிற பொருள் அல்ல. அது நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு, பெரிய மீனிலிருந்து மனிதனுக்கு என்று ஏற ஏறச் செறிவாகிக்கொண்டே போகும். கடல் அதைக் கரைக்கவில்லை, காய்ச்சிக் கெட்டியாக்கி நம் தட்டிலேயே பரிமாறியது.

ஆலையின் சொந்த மருத்துவர் ஹொசோகாவா 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்தார். பூனைக்கு அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை மூடி மறைத்தது.

சரி, சட்டம்? இருந்தது! 1958-இல் டோக்கியோ அருகே உராயாசு மீனவர்கள், தங்கள் கடலைக் கெடுத்த காகித ஆலைக்குள் புகுந்து போராடினார்கள். பயந்துபோன அரசு அதே வருடம் டிசம்பரில் நீரின் தரம் காக்க இரண்டு சட்டங்கள் போட்டது. அந்தச் சட்டங்கள் எங்கே செல்லும்? அரசு "இது கட்டுப்பாட்டு நீர்ப்பகுதி" என்று குறித்த இடத்தில் மட்டும். மினமாட்டா எப்போது குறிக்கப்பட்டது? 1969-இல். ஆலை அந்த உற்பத்தி முறையை நிறுத்தியது 1968-இல்! பிணம் எரிந்து முடிந்த பிறகு வைத்தியருக்கு ஆள் அனுப்பிய கதை. 2004-இல் ஜப்பான் உச்ச நீதிமன்றம், கையில் சட்டம் இருந்தும் பயன்படுத்தாதது அரசின் குற்றம் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

இனி நம் ஊர்

நம் நாட்டுச் சட்டங்களுக்கு வருவோம். 1860 இந்திய தண்டனைச் சட்டம் 277-ஆம் பிரிவு, பொது ஊற்று அல்லது நீர்த்தேக்கத்தைக் கெடுப்பது குற்றம் என்றது. கடல் ஊற்றா? இல்லை. நீர்த்தேக்கமா? இல்லை. போகட்டும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே ஊற்று, அதே நீர்த்தேக்கம்தான்.

1897 இந்திய மீன்வளச் சட்டம் தண்ணீரில் விஷம் கலப்பதைத் தடுத்தது. எப்படி? மீனைப் பிடிக்கும் அல்லது கொல்லும் நோக்கத்துடன் விஷம் போட்டால் குற்றம்! நோக்கம் இருக்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்குக் குட்டையில் விஷக்காய் அரைத்துப் போடுகிறவன் குற்றவாளி. வண்டி வண்டியாகக் கழிவைக் கொட்டி முகத்துவாரத்து மீனையெல்லாம் கொன்ற ஆலைக்கு மீனைக் கொல்லும் "நோக்கம்" இல்லையே! அதன் நோக்கம் லாபம் மட்டும்தானே!

சுதந்திரம் வந்தது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1970-இல் எண்ணூரில் அனல் மின் நிலையம் வந்தது. அதற்குப் பிறகே, 1974-இல், நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. "நீரோடை" என்றால் என்ன என்று அதன் 2-ஆம் பிரிவு விளக்குகிறது. ஆறு வரும், வாய்க்கால் வரும், நிலத்தடி நீர்கூட வரும். கடல்? மாநில அரசு அரசிதழில் எந்த அளவு வரை, எந்த இடம் வரை என்று அறிவிக்கிறதோ அந்த அளவுக்குக் கடலும் ஓதநீரும் வரும்!

ஞாபகம் வருகிறதா? 1876-இல் விக்டோரியா மகாராணி காலத்து வாசகம். தொண்ணூற்றெட்டு வருடம் கழித்து, மூவர்ணக் கொடி பறக்கும் நாடாளுமன்றத்தில், ஏறக்குறைய அப்படியே. வெள்ளைக்காரனை அனுப்பினோம், அவன் வைத்துவிட்டுப் போன கதவை மட்டும் எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்ததே 1982-இல்தான்.

"1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அது கடலையும் சேர்த்துக்கொள்கிறதே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அதன் விதிகளில் கழிவுநீருக்கான பொதுத் தர அளவுகளைப் பாருங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று ஓர் அளவு உண்டு. தண்ணீரில் எவ்வளவு அழுகும் பொருள் இருக்கிறது என்று காட்டுவது. ஆறு, ஏரியில் விடுகிற கழிவில் இது லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கடலோரத்தில் விட்டால் 100 வரை போகலாம். துத்தநாகம் ஆற்றுக்கு 5, கடலுக்கு 15. ஈயம்? ஆற்றுக்கு 0.1 மில்லிகிராம், கடலுக்கு 2 மில்லிகிராம். இருபது மடங்கு!

ஈயம் கடலில் கரைந்து காணாமல் போகும் என்று எந்தப் பெருங்காய விஞ்ஞானி சொன்னார்? ஆற்றுத் தண்ணீரை நாம் குடிக்கிறோம், கடல் தண்ணீரைக் குடிப்பதில்லை, அதனால் இந்தச் சலுகை என்பார்கள். கடல் தண்ணீரைக் குடிப்பதில்லை, சரி. கடல் மீனைத் தின்பதில்லையா? நண்டு, இறால் தின்பதில்லையா?

தவணை மேல் தவணை

1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு, கரையிலிருந்து 500 மீட்டர் வரை எதுவும் கட்டாதீர்கள் என்று கடிதம் எழுதினார். பத்து வருடம் கழித்து, 1991 பிப்ரவரியில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடுவது தடை, ஏற்கெனவே விட்டுக்கொண்டிருப்பவர்கள் மூன்று வருடத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றது. மூன்று வருடம் என்றால் 1994.

2011-இல் புது அறிவிக்கை. அதிலும் அதே தடை. ஏற்கெனவே விடுகிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் நிறுத்த வேண்டும். இரண்டு வருடம் என்றால் 2013. 1994-இல் நின்றிருக்க வேண்டியதற்கு 2013 வரை தவணை! நகைக்கடனுக்குக்கூட வங்கியில் இவ்வளவு தாராளமாகத் தவணை தரமாட்டார்கள். சென்னையில் கூவமும் அடையாறும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இன்றைக்குப் போய் நின்று பாருங்கள். தவணை முடிந்துவிட்டதா என்று உங்கள் மூக்கே சொல்லும்.

நீதிமன்றமாவது? 1996 டிசம்பரில் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர மண்டலத்தில் இருக்கும் இறால் பண்ணைகளை இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கீழத்தஞ்சையில் வயலும் குடிநீரும் உப்பாகிப்போன சனங்களுக்குக் கிடைத்த வெற்றி அது. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, கடலோர மண்டல அறிவிக்கை இறால் பண்ணைக்கு எந்நாளும் பொருந்தாது என்று பின்தேதியிட்டு எழுதிவிட்டது. தீர்ப்பை மீறவில்லை, தீர்ப்பு நின்ற தரையை உருவிவிட்டார்கள்!

வரைபடமும் ஒரு கதவுதான். எண்ணூர்க் கழிமுகத்தை 1996-இல் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாகக் காட்டியது. பின்னால் அரசு காட்டிய வரைபடத்தில் கழிமுகமே காணவில்லை என்று 2017-இல் மீனவர்களும் செயல்பாட்டாளர்களும் குற்றம் சாட்டினார்கள். கிணற்றைக் காணோம் என்று சினிமாவில் சிரித்தோமே, இங்கே ஆற்று முகத்துவாரத்தையே தேட வேண்டியதாயிற்று.

2024-இல் நீர் மாசுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாசு விடுவதற்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கினார்கள். முதலில் ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம், யூனியன் பிரதேசங்களுக்கு. மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டுச் சேர்ந்துகொள்ளலாம். அங்கே தொள்ளாயிரம் கோடி, இங்கே பதினைந்து லட்சம். ஒரு பெரிய ஆலைக்கு இது தண்டனையா, டோல்கேட் கட்டணமா?

நாம் என்ன செய்தோம்?

சட்டத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. சட்டம் சமூகத்தின் மனசைத்தான் பிரதி எடுக்கிறது. நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குக் கடல் என்றால் மணல், சுண்டல், காற்று. கரை சுத்தமாக இருந்தால் கடல் சுத்தம் என்று நினைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பொறுக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கழிவு கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அதை யாரும் படம் எடுப்பதில்லை. 2021-இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்ததைக் கொண்டாடினோம். எண்ணூருக்கு எந்தக் கொடி?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். உலகமே பார்த்துச் சிரித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டறிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு எல்லாவற்றிலும் எண்ணெய். ஆறு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டோம்? மறுபடி மீனவர்கள்தான் படகில் போய் அள்ளினார்கள்.

ஒரு கேள்வி கேட்கிறேன். தஞ்சாவூரில் விளைந்து நிற்கிற வயலில் ஒருவன் லாரி லாரியாகக் கழிவெண்ணெயைக் கொட்டினால் நாடு சும்மா இருக்குமா? எல்லாக் கட்சிக்காரர்களும் ஓடிவருவார்கள். மீனவருக்குக் கழிமுகம்தான் வயல். பட்டா இல்லாத வயல், அவ்வளவுதான். பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், எவருக்கு வலை போடும் முறை என்று ஊரே கூடி வகுத்துக்கொண்ட ஒழுங்கு. இதைவிட என்ன பத்திரம் வேண்டும்? எம்ஸ்வொர்த் சிப்பி வியாபாரியின் உரிமையை 1906-இல் ஒரு நீதிமன்றம் மதித்ததே, பாடு முறையை நம் மாசுச் சட்டம் எந்தப் பிரிவில் மதிக்கிறது?

எதிர்வாதங்கள்

"கடல் நிஜமாகவே கரைக்கத்தான் செய்கிறது" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆழ்கடலுக்குள் நீளக் குழாய் போட்டு, சுத்திகரித்த வீட்டுக் கழிவை விட்டால், உப்பும் வெயிலும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். ஆனால் இது உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தாது. 2025 மே மாதம் கொச்சி அருகே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியதே, அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. எங்கே கரைந்தன? மேலும், நாம் விடுவது ஆழ்கடலிலா? கழுத்தளவு ஆழம்கூட இல்லாத கழிமுகத்தில்!

"தொழில் வேண்டாமா, வேலை வேண்டாமா" என்பார்கள். வேண்டும். மீன்பிடிப்பும் தொழில்தான், அதிலும் வேலைதான் இருக்கிறது. ஒரு தொழில் தன் செலவை இன்னொரு தொழிலின் தலையில் கட்டுவதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல. சுத்திகரிக்க ஆலைக்குப் பணம் இல்லை என்றால், அந்தப் பணத்தை இத்தனை வருடமாக எண்ணூர் மீனவர் தன் வெறும் வலையால் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"மீனவர்களும்தான் டீசலையும் கிழிந்த வலையையும் கடலில் போடுகிறார்கள்" என்பார்கள். போடுகிறார்கள், திருத்த வேண்டியதுதான். ஆனால் கடல் கெட்டால் அடுத்த நாள் காலையில் பட்டினி கிடப்பவரையும், கடல் கெட்டால் பங்குச் சந்தையில் ஒன்றும் ஆகாதவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான்

முதலாவது, 1974 சட்டத்தின் அந்த விளக்கப் பிரிவைத் திருத்துங்கள். 1976 சட்டப்படி நம் ஆட்சிக்கடல் 12 கடல் மைல். அந்தப் பன்னிரண்டு மைலும் எந்த அறிவிக்கையும் இல்லாமல் தானாகவே சட்டத்துக்குள் வரட்டும். நாட்டின் எல்லை என்று சொல்லிக் காவல் காக்க மட்டும் கடல் நம்முடையது, சுத்தமாக வைக்க மட்டும் அரசிதழ் வேண்டுமா?

இரண்டாவது, கன உலோகங்களுக்கு ஆற்றுக்கு ஓர் அளவு, கடலுக்கு ஓர் அளவு என்பதை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, 1994-இல் முடிந்த தவணைக்கு இனித் தவணை இல்லை. சுத்திகரிக்காத கழிவு ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் அபராதம், அது ஆலையின் வருமானத்தில் சதவீதமாக இருக்கட்டும். நகராட்சி விட்டாலும் அதே அபராதம்.

நான்காவது, கண்காணிப்பில் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துக்கு இடம் வேண்டும். தண்ணீரின் நிறம் மாறியதை ஆய்வகத்துக்கு முன்னால் கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள். கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களின் தோலில் புண் வருகிறபோது, அதுவும் ஓர் ஆய்வறிக்கைதான்.

எங்கள் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு கட்டாயத் தாள் உண்டு. கடல் மாசுக்கு அதில் அரைப் பக்கம். "கடல் மாசின் விளைவுகளை எழுதுக, ஐந்து மதிப்பெண்" என்று கேட்பார்கள், எல்லாரும் எழுதிப் பாஸ் ஆகிவிடுவோம். யார் கொட்டியது, எந்தப் பிரிவு அதை அனுமதித்தது என்று ஒரு வினாத்தாளிலும் கேட்கமாட்டார்கள். அதை நாம்தான் கேட்க வேண்டும், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் கேட்க வேண்டும். அடுத்த மழைக்கு எண்ணூருக்கு மறுபடி எண்ணெய் வந்தால், அள்ளுவதற்கு இந்தத் தடவையும் வாளிதானா என்று.